இடது பக்கம் வாட்டம்

அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: மாமா நேற்றும் விழுந்துவிட்டார், அதே இடத்தில், ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், கோளாறு அவரிடம் இல்லை, தரையில்தான், நீ வந்து பார்.

சின்னவன் வீடுகளுக்கு மரத்தளம் போடுகிறவன். கடைக்குட்டி என்பதால் வந்த பெயர். நாற்பத்தாறு வயதாகி முன்தலை வழித்தெடுத்த மாதிரி ஆன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கணவருக்கும் தொழிற்சாலையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. மில்லிமீட்டர். இயந்திரங்களை இறக்கிப் பொருத்திக் கொடுக்கிற ஃபிட்டர் அவர். மயிரிழை சாய்வில்லாமல் ஒன்றை உட்கார வைக்கும்வரை சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் நடை தள்ளாட ஆரம்பித்தது. பிறகு நாக்கு குழறியது. உடம்பை நிமிர்த்தி வைக்கிற பகுதி மூளையில் சுருங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த மருந்து கிடையாது என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் தம்பியிடம், “அவரு எங்க வீட்டுத் தரையப் பாத்தாரா?” என்றாள்.

அவளைச் சமாதானப்படுத்தி வரலாம் என்றுதான் சின்னவன் போனான். மூன்றாவது மாடி, பழைய கட்டடம். படுக்கையறையில் கான்கிரீட்டின் மேல் ஒட்டியிருந்த தரைவிரிப்பைக் கிழித்துவிட்டு, ஆறடி அலுமினியக் கட்டையைக் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தான். ஜன்னலோரம் கட்டைக்கு அடியில் அவன் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. பதினாலு மில்லிமீட்டர் பள்ளம்; தரை அந்தப் பக்கம் வாட்டமாகச் சரிந்திருந்தது. வாசல் பக்கம் ஒரு மேடு. மாமா விழுகிற இடம் சரியாகப் பள்ளத்தின் விளிம்பு.

அக்கா சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாள். “நான் சொன்னேன்ல?” என்றாள். நாற்காலியில் இருந்த மாமா, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, “வாட்டமா இருக்குன்னு காலு சொல்லிச்சு மச்சான்” என்றார். டாக்டரைவிட அலுமினியக் கட்டைக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிவிட அந்த ஒரு நிமிடம் சின்னவனுக்கும் ஆசையாக இருந்தது. நம்பியும்விட்டான்.

மறுநாளே கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள். மேலே போடவேண்டிய மரப்பலகைக் கட்டுகளையும் கொண்டுவந்து பிரித்து அங்கேயே அடுக்கினான். வீட்டின் காற்றுக்குப் பழகாத பலகை பிறகு உப்பிக்கொள்ளும். பழைய பசையைச் சுரண்டினான். மேட்டை கிரைண்டர் போட்டுத் தேய்த்தான். அறை முழுக்க சிமெண்ட் மாவு பறந்தது. மாமா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இங்கே இன்னும் தேய், அந்த விரிசலை முதலில் அடை, தூசு இருந்தால் மேலே எதுவும் பிடிக்காது என்று மணிக்கணக்காக விரட்டினார். வார்த்தை வராதபோது விரலை நீட்டினார். அந்த விரலும் நடுங்கி வேறெங்கோ காட்டும். சின்னவன் உத்தேசமாகப் புரிந்துகொண்டு தேய்ப்பான். பல மாதமாக வாயே திறக்காமல் இருந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிடும்போதுகூட தரையைப் பற்றித்தான் பேசினார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பாட்டு என்று பிறகுதான் சின்னவனுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் பிரைமர் அடித்துக் காயவிட்டு, சமன் கலவையை வாளியில் கலக்கி ஊற்றினான். தண்ணீர் மாதிரி ஓடிப் பள்ளத்தைத் தானே தேடிப் போய் நிரப்பிக்கொள்கிற கலவை அது. ஜன்னலைத் திறக்காதே, காற்றுப் பட்டு அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும் என்றார் மாமா. சின்னவனுக்கு அது தெரியாததல்ல, ஆனாலும் தெரியாதவன் போலத் தலையாட்டி மூடினான். இரண்டு நாள் கழித்துக் கட்டையை வைத்தபோது ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பலகை தாங்கிக்கொள்ளும், விட்டுவிடலாம் என்றான். அவர் விடவில்லை. “என் பேரு என்ன?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே இன்னொரு மெல்லிய பூச்சு ஊற்றினான்.

அதுவும் இறுகிக் காய்ந்த காலையில், தரை ஏரித் தண்ணீர் மாதிரி ஒரே சீராகக் கிடந்தது. பலகை போடுவதற்கு முன்னால் நடந்து பார்த்துவிடுகிறேன் என்றார் மாமா. அக்கா அவருக்குச் சட்டையெல்லாம் மாற்றிவிட்டிருந்தாள்.

நாற்காலியின் கையை விட்டு எழுந்தார். முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியும் வைத்தார். மூன்றாவது அடியில், பள்ளம் இருந்த இடத்துக்கு வெகுதூரம் முன்பே, வெட்டிய மரம் மாதிரி இடது பக்கம் சாய்ந்தார். சின்னவன் பாய்ந்து அணைத்துப் பிடித்தான். சட்டைக்குள் அந்த உடம்பு எவ்வளவு குறைந்திருந்தது என்பது அப்போதுதான் அவன் கைக்குத் தெரிந்தது.

“இடது பக்கம் வாட்டம்” என்றார் மாமா. “சரியாப் போடல நீ.”

தன்னுடைய ரசமட்டத்தை எடுத்து வரச் சொன்னார். அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த எஃகு மட்டம் அது. தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகு அதை யாரும் பிரித்ததில்லை. சின்னவன் பிடித்துக்கொள்ள, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வைத்தார். குமிழ் நடுவில் நின்றது. மட்டமே தப்பாக இருக்கலாம் என்று முனை மாற்றித் திருப்பி வைத்தார். நடுவில்தான் நின்றது. ஜன்னலோரம் தவழ்ந்து போய் வைத்தார். மூலையில் வைத்தார். அறை முழுக்க ஒன்பதோ பத்தோ இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, துணியை வாங்கி, மட்டத்தைத் துடைத்து, அவரே சுற்றினார். முடிச்சுப் போட மட்டும் விரல் ஒத்துழைக்கவில்லை.

“தரை சரியா இருக்கு” என்றார்.

சமையலறையில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்தாள்.

“இடது பக்கம்தானே சாயுறாரு? அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் போட்டுரு.”

“அக்கா, தரைய யாராவது கோணலாப் போடுவாங்களா?”

“ஊருக்கு ஏன்டா போடுற? அவருக்கு எது சமமோ அப்படிப் போடு. எனக்குக் கோணலா இருந்தா நான் பாத்து நடந்துக்குறேன்.”

அவள் அதை அரிசி களைகிற மாதிரி அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். இன்றைக்கு இடது, நாளைக்கு எந்தப் பக்கமோ, சுருங்குகிற மூளைக்கு எந்தத் தரையைப் போடுவது என்று சின்னவன் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

மாலையில் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகளை இடது ஓரத்தில் அடுக்கி, அதன்மேல் பெரிய பலகை ஒன்றைச் சரிவாகப் போட்டு மாமாவை ஏற்றி நிறுத்தினான். “இப்ப எப்படி இருக்கு?” என்று அக்கா எதிரில் நின்று கேட்டாள். மாமா அவளையே பார்த்தார். சின்னவனின் புஜத்தில் அவர் விரல்கள் நகம் பதியும்படி இறுகியிருந்தன. மொத்தப் பாரமும் அவன் மேல்தான் இருந்தது.

“இப்ப பரவாயில்ல” என்றார்.

அக்கா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவள் காலடி ஓய்ந்ததும் மாமா அவன் காதோரம் சாய்ந்தார். “அவகிட்ட சொல்லாத. மட்டமாவே போட்டுரு. கோணத் தரையில அவ விழுந்துறப் போறா.”

அப்படியே போட்டான். நாலு நாள் ஆயிற்று. பலகைக்குப் பலகை நூல் நுழையாத இணைப்பு. இருபது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் எங்கேயும் போட்டதில்லை. இடது பக்கம் தூக்கியிருக்கிறாயா என்று அக்கா கேட்டபோது, ஆமாம், கண்ணுக்குத் தெரியாது என்றான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்கவில்லை.

மாமா அந்தத் தரையில் நடக்கவேயில்லை. வா என்று கூப்பிட்டால், நாளைக்கு என்பார். மறுநாளும் நாளைக்குத்தான். இரண்டு மாதத்தில் அந்தச் சொல்லும் தேய்ந்து, கையை மட்டும் அசைத்தார். பிறகு அதுவும் இல்லை. அக்கா தினமும் காலையில் ஈரத்துணியைப் பிழிந்து தரையைத் துடைத்தாள். அவள் கால் படுவதைத் தவிர அதில் வேறு அழுக்கு விழ வழியில்லை.

சக்கர நாற்காலி வந்திறங்கிய அன்று சின்னவன் போயிருந்தான். இருவருமாக மாமாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது; அக்கா தலையணை கொடுத்து நிமிர்த்தினாள், அது மறுபக்கம் தொங்கியது. கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போனவள் வாசற்படியில் நின்றாள்.

“சக்கரம் பட்டா கோடு விழுமா?”

“விழாதுக்கா.”

விழும். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் முதலில் விழும். கொஞ்ச நாளில் மெருகு போய் வெளுத்துவிடும். அவன் குனிந்து முன்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிவிட்டான். அவள் பின்னாலிருந்து தள்ளினாள்.