கடப்பில் கட்டிய கம்பி

குதிரையைத் தனியே விட வேண்டாம் என்றுதான் மிருக வைத்தியர் தாரிகா சொன்னார். முன்னங்காலில் தசைநார் பாதி அறுந்திருந்தது. தையல் போட்டு, கட்டுக் கட்டி, நாற்பது நாட்களுக்கு இது ஓடவும் கூடாது, பாயவும் கூடாது என்றார்.

"கூட்டத்தில வளர்ந்த சீவன். தனிய நிண்டா அந்தரப்பட்டு மதிலைச் சுத்திச் சுத்தி நடக்கும். பகலில ஆராவது பக்கத்தில இருக்கோணும். திரும்ப அறுந்தா ஒண்டும் செய்ய ஏலாது. ஊசிதான்."

எந்த ஊசி என்று யாரும் கேட்கவில்லை. நான் இருக்கிறேன் என்றேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓகஸ்ட் விடுமுறை. வைத்தியர் பின்னேரப் படகில் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்.

குதிரையை அடைத்திருந்த பட்டி நாலு வீட்டுக்குப் பொது. நெஞ்சளவு உயரக் கடல் முருகைக்கல் மதில், ஒரு பூவரசு, ஓலைக் கொட்டில், தண்ணீர்த் தொட்டி. மனோகரி அக்காவின் மாடுகளும் நிசாந்தனின் ஆடுகளும் காலையில் மேயப் போய்விட்டால், குதிரை மட்டும் மிஞ்சும். முதல் நாள் துணைக்கு ஓர் ஆட்டை விட்டுப் பார்த்தார்கள். அது குதிரையின் புல்லைத் தின்று முடித்துவிட்டுக் காலில் இருந்த கட்டையும் கடிக்கத் தொடங்கியது.

"ஆட்டைவிட ரீச்சர் திறம்," என்றான் நிசாந்தன். "கட்டைத் தின்னமாட்டா."

அன்றிலிருந்து பூவரசின் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அது பெண்குதிரை. அவள் கொட்டிலின் கடைசி மூலையில், என் பக்கம் முகம் வைத்தபடி நிற்பாள். நெடுந்தீவு வெளியில் திரியும் நூற்றுக்கணக்கான கட்டாக்காலிக் குதிரைகளில் ஒன்று. குறி இல்லை, சொந்தக்காரர் இல்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் போகிறவர்கள், "ரீச்சருக்கு எவ்வளவு இரக்கம்," என்பார்கள். ஒரு தாய் தன் மகளைத் தூக்கிக் காட்டி, "பார், கோசலா ரீச்சரைப் போல இருக்கோணும்," என்றாள்.

அந்தக் காலை அறுத்த கம்பியைக் கட்டியது நான்.

இங்கே வீட்டு வளவுக்குள் நுழையும் வழியான கடப்பைக் கல்லால்தான் அடைப்போம். பகலில் போய்வரக் கற்களை இறக்கி வைப்பதும், பொழுதுபட முன்னர் மறுபடி அடுக்குவதும் எல்லோருக்கும் பழகிய வேலை. யாரும் கம்பி கட்டுவதில்லை. கல்லைக் குதிரை இருட்டிலும் அறியும், கம்பியை அறியாது. இதை வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த வருடம் மழை பொய்த்துக் குளங்கள் வற்றி வெடித்துவிட்டன. என் கத்தரிக் கன்றுகளையும் வாளித் தண்ணீரையும் தேடிக் குதிரைகள் வளவுக்குள் வந்தன. கல் தூக்கி இடுப்பு விட்டுப்போன ஒரு மாலை, ஆமி தன் முகாமில் விட்டுப்போன முட்கம்பியில் ஒரு துண்டை எடுத்துக் கடப்புக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

விடியப்புறம் சத்தம் கேட்டுக் குறட்டோடு ஓடினேன். கம்பியை வெட்டி அவளுடைய சதையிலிருந்து உருவும்போது அவள் தலையைத் திருப்பினாள். அவள் பார்த்தது என் முகத்தை அல்ல, கைகளை.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் நினைக்க முடியவில்லை. உதவிக்குக் கூப்பிட முன்னர், கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய் வளவின் பின்பக்கம் காய்ந்த பனங் காவோலைகளுக்குக் கீழே ஒளித்தேன். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மனோகரி அக்கா வந்து, "எங்கையோ ஆமிக் கம்பியில மாட்டுப்பட்டிட்டுது போல," என்றபோது "ஓம்" என்றேன்.

இரக்கத்தால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனா? சில நேரம் அப்படித்தான் தோன்றும். வேறு சில நேரம், ஒரு சாட்சிக்குக் காவல் இருக்கிறவளைப் போல இருந்தது. அவள் சுகமாகி வெளியே ஓடிவிட்டால், நடந்ததும் அவளோடு போய்விடும் என்று நாட்களை எண்ணினேன்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய கூட்டம் வெளியில் தூரத்துப் புள்ளிகளாகத் தெரிந்தது. பதினைந்தாம் நாள் வற்றிய குளத்தருகே நின்றது. பதினெட்டாம் நாள் மதிலுக்கு அப்பால், தொட்டித் தண்ணீரின் மணத்தில், மூச்சுவிடும் சத்தம் கேட்டது. தெற்கே ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது. சோளகக் காற்று அடிக்கும்போதெல்லாம் நாற்றம் வந்தது, காகங்கள் அந்தப் பக்கமாகவே பறந்தன. அவள் மத்தியானத்தில் தின்பதை நிறுத்தினாள். காதுகள் இரண்டும் பட்டிக் கடப்பின் பக்கமே திரும்பி நின்றன.

கடப்பில் கல் குறைவாக இருந்தது. கடைசியாகப் போகிறவர் அடுக்கிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் பட்டியின் வழக்கம். "நீர் இருக்கிறீர்தானே, கோசலா," என்று இப்போது ஒருவரும் அடுக்குவதில்லை. என் இடுப்புக்கு மூன்று வரிசைக்கு மேல் ஏலவில்லை.

இருபதாம் நாள் காலை நிசாந்தன் தோளில் ஒரு சுருளோடு வந்தான்.

"ரீச்சர், காவோலை எடுக்க உங்கட வளவுப் பின்பக்கம் போனனான். நல்ல கம்பி ஒண்டு கிடந்தது. கூட்டம் நெருங்கி வருது, உங்களுக்கும் கல்லுத் தூக்க ஏலாது. இதைக் குறுக்கால இழுத்துவிடுறன்."

ஒரு முள்ளில் நாலைந்து கபில மயிர்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவன் அதைக் கண்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கம்பி வேண்டாம், நிசாந்தன்."

"ஏன்?"

"குத்தும்."

"குத்தாட்டி அதென்ன கம்பி?" என்று சிரித்தான். "கொஞ்ச நாளைக்குத்தானே ரீச்சர். நீங்களும் பக்கத்தில இருக்கிறீங்கள். பிறகென்ன பயம்?"

கட்டிவிட்டு ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு போனான்.

போனதும் அவிழ்ப்பேன் என்றுதான் இருந்தேன். அவிழ்த்தால் ஏன் என்று பின்னேரம் கேட்பான். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். பத்து மணியானது. பதினொரு மணியானது. யோசித்துக்கொண்டே இருந்தேன்.

உச்சி வெயிலில் கூட்டம் வந்தது. முன்னால் வந்த ஆண்குதிரை கடப்புக்கு நேரே நின்று கனைத்தது. இருபது நாட்களில் முதல் தடவையாக அவள் பதிலுக்குக் கனைத்தாள். மூலையை விட்டு நடந்தாள். முதல் நாலு அடிக்கு நொண்டினாள். அதற்குப் பிறகு நொண்டவில்லை.

வாளியோடு கடப்படிக்கு வந்த மனோகரி அக்கா கத்தினார். "கோசலா! பாயப்போறாள்! மறியும்!"

நான் குதிரையை மறிக்கப் போகவில்லை. கம்பியை நோக்கி ஓடினேன். நிசாந்தனின் முறுக்கு இறுகியிருந்தது. உள்ளங்கை கிழிந்ததை உணரவில்லை. என் வாய் பேசிக்கொண்டிருந்தது.

"நான்தான் கட்டினனான். அண்டைக்கும் நான்தான் கட்டினனான், அக்கா. என்ர கம்பிதான் உவளின்ர காலை அறுத்தது."

ஒரு முனை கழன்று, கம்பி சுருண்டு என் கைக்குள் பாய்ந்தது. திரும்பினேன். அவள் பத்தடி தூரத்தில், ஓட்டத்தில் இருந்தாள். கம்பியைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். பின்னங்கால்களை ஊன்றித் தன்னை நிறுத்தினாள். புழுதி என் முகம்வரை வந்தது. தோல் முழுக்க நடுங்க, கண்ணை என்மேலிருந்து எடுக்காமல், ஒவ்வோர் அடியாகக் கொட்டிலுக்குப் பின்வாங்கினாள்.

கால் தாங்கியது. ஆண்குதிரை இன்னொரு தடவை கனைத்துவிட்டுக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனது.

மனோகரி அக்கா வாளியைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அந்த மயிர்களை இழுத்தெடுத்து விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தார்.

"சனம் உம்மை எவ்வளவு புகழ்ந்து புளுகினது. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தனீரே?"

பிறகு குனிந்து கற்களை அடுக்கத் தொடங்கினார். ஒரு கல்லை எடுத்துக் கொடுக்க நான் குனிந்தபோது, "நீர் இரும்," என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வைத்தியர் வந்து காலைத் தடவிப் பார்த்தார். நார் பிடித்து வருகிறது என்றார். நான் பட்டிக்குள் கால் வைத்ததும் குதிரை மதிலோரமாகச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கியது. எது நடக்கக் கூடாது என்று என்னை அங்கே இருத்தினார்களோ, அதுவே. வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன். மனோகரி அக்கா தன் கிழட்டுப் பசுவை மேயப் போகவிடாமல் துணைக்கு மறித்துவிட்டார்.

இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. கூட்டம் தினமும் மத்தியானம் வருகிறது. அதை விரட்ட யாராவது வேண்டும் என்று, மதிலுக்கு வெளியே, வெயிலில் கதிரையைப் போட்டிருக்கிறேன். யாரும் வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவுமில்லை. பாதையால் போகிறவர்கள் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை.

மதிலில் இரண்டு கற்களுக்கிடையே ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்குள்ளால் அவளுடைய ஒரு கண் தெரிகிறது. நான் கைகளை மடியில் விரித்து, அவளுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறேன். ஈ மொய்த்தாலும் அசைப்பதில்லை. அசைத்தால் நடக்கத் தொடங்குவாள்.