இடது சக்கரத்துச் சிவப்பு

1

இந்தக் கதை என் கார் ஷெட்டில் பிறந்தது. சாயர்புரம் சத்தியராஜ் சாரிடம் பழைய கார் ஒன்று வாங்கினேன். முன்சக்கரங்களுக்குள்ளே பிரேக் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் இரண்டில், வலதுபக்கத்தது வெறுமனே துருவேறியிருந்தது. இடதுபக்கத்தது சிவப்பு. அதுவும் வழிந்து, கொப்பளித்து, கண்றாவியாக.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் அன்று வழக்கத்தைவிட—"

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடல் ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் மட்டும்தான் வருகிறது.)

மறுபடி: சத்தியராஜ் கணக்கு வாத்தியார். மகன் ஸ்டெபின் வீட்டு வாசலில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, சிநேகிதன் சிலுவை கொடுத்த படகுப் பெயிண்டைப் பூசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே, போட்டுக்கு அடிக்கிறத பிரேக்குக்கு அடிக்கியே, மூள இருக்கா? சூட்டுல பொங்கிரும்லா!"

"பாக்கதுக்கு நல்லாருக்குல்லாப்பா..."

"எடுத்து உள்ள வைலே!"

ஸ்டெபின் பிரஷ்ஷைத் துடைத்து வைத்தான். வலது சக்கரம் அப்படியே நின்றது. நான்காம் நாள் துறைமுகச் சாலையில் அவன் பைக்கை லாரி அடித்தது. அதோடு போய்விட்டான்.

(பெயிண்ட் பொங்கத்தான் செய்தது. தாம் சொன்னது சரியாகப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதைப் பார்க்கமாட்டாமல்தான் காரை விற்றார்.)

3

இதெல்லாம் எனக்கு நேற்று சார் போனில் சொல்லித்தான் தெரியும்.

"அந்த டப்பா இன்னும் எங்கிட்டதான் இருக்கு தம்பி. நாளைக்குக் கோயில்ல ஆராதன முடிஞ்சு வாரேன். வலதுபக்கத்த நான் அடிச்சிக் குடுத்துருதேன். அவன் அடிச்சதுக்கு சோடியா இருக்கட்டும். பொங்குனா பொங்கிட்டுப் போவுது."

சரி சார் என்றேன். ஆனால் கார் வந்த மறுவாரமே அந்தச் சிவப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி எறிந்துவிட்டு, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்டை இரண்டுக்கும் அடித்திருந்தேன். யூடியூப் பார்த்து, டேப் ஒட்டி, அவ்வளவு சுத்தமாக.

4

முடிவு ஒன்று: அவர் குனிந்து பார்க்கிறார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு—

முடிவு இரண்டு: அவர் வருவதற்குள் நானே இடதுபக்கத்தில் சிவப்பை வழிய வழியப் பூசிவிடுகிறேன். (சிவப்பு டப்பா வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வழிசல் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.)

முடிவு மூன்று: உண்மையைச்—

மணி பதினொன்று. சத்தியராஜ் சார் வெள்ளைச் சட்டையில், மஞ்சப்பையில் டப்பாவோடு வெளியே நிற்கிறார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். போய்க் கதவைத் திறங்கள். அவரிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதையே நானும் எழுதிவிடுகிறேன்.