இடித்த வேனுக்கு ஒரு ரிவர்ஸ் பாடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. என் மனைவிக்கு நடந்ததைச் சுட்டுத்தான் எழுதுகிறேன். அனுமதி கேட்டபோது, "எழுதுங்க, ஆனா என்னை முட்டாளாக்கிடாதீங்க" என்றாள். சிக்கலே அங்கேதான். அவள் செய்த ஒரு முட்டாள்தனம்தான் இந்தக் கதைக்கே உயிர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. இப்படி ஒரு தவறு எல்லா எழுத்தாளனுக்கும் வீட்டிலேயே கிடைத்துவிடுமா?

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையிலும் பிரேக் வைத்த சொந்தக் கார். அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். (உங்கள் எழுத்தால் எரியாதா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டீர்கள். எரியாது.)

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டு கிடந்த அந்த மாலையில்..." பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் தொடக்கம்: "விதி ஒரு வெள்ளை வேனாகப் பின்னோக்கி வந்து, அவளுடைய..." சே. படித்தால் சிரிப்பாள்.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடை ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, அடுத்த மாணவிக்காக அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மெத்தை ஏற்றிய வேன் ஒன்று முன்னால் இருந்த காலி இடத்துக்குள் ரிவர்ஸில் நுழையப் பார்த்தது. டமார்! காரின் விளக்கு தூள், பானெட் மடங்கிவிட்டது, ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. வேனின் பின் பம்பரில் புதுக் காயம் எது, பழைய காயம் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதில் அவ்வளவு அடி.

வேனை ஓட்டி வந்தவர் இறங்கினார். மெத்தைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

நீங்களும் நானுமாக இருந்தால் அந்த நிமிடமே போட்டோ எடுத்திருப்போம். இவள் என்ன செய்தாள் தெரியுமா?

"கண்ணாடியைப் பார்த்தீங்களா? பார்க்கல. ஸ்டியரிங்கை ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒடிச்சீங்க? ஏறுங்க. வண்டியை முன்னாடி எடுங்க. இப்ப மெதுவா வாங்க... ஒடிங்க... போதும், நேராக்குங்க. பாருங்க, எவ்வளவு அழகா வந்துட்டீங்க!"

வேன் கோடு போட்டது போல நின்ற பிறகுதான் போட்டோ எடுத்தாள். வாத்தியார் புத்தி!

3

வேனுக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகி வெகுகாலம். எங்கள் இன்சூரன்ஸோ நாங்கள் யாரையாவது இடித்தால்தான் உதவும். எங்களை இடித்தால் உதவாது. மெக்கானிக் காரைச் சரிசெய்துவிட்டு, பணம் வராமல் சாவி கிடையாது என்றுவிட்டார். மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்கு நழுவுகிறார்கள். மெத்தைக்காரர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் சமரச அதிகாரியிடம் புகார் கொடுத்தாள். கையில் இருக்கும் ஒரே சாட்சி, அந்த அழகான போட்டோ.

(மெத்தைக்காரர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம். வில்லனாக்கினால் வசதி. முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவருக்கு மீசையே இல்லைங்க" என்றாள். "கதைக்கு வேணும்" என்றேன். "அப்ப நீங்க வெச்சுக்குங்க" என்று போய்விட்டாள்.)

4

முடிவு அ: மருந்துக்கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. (கடைக்காரரிடம் கேட்டேன். கேமரா சும்மா பயமுறுத்த மாட்டியதாம்.)

முடிவு ஆ: மெத்தைக்காரர் மனம் திருந்தி, முழுத் தொகையோடு ஒரு மெத்தையும் கொண்டுவந்து...

விசாரணை இன்றைக்குத்தான். அவள் போயிருக்கிறாள். இந்த வரியை எழுதும்போதே போன் அடிக்கிறது. இருங்கள்.

5

மூச்சு வாங்கப் பேசினாள். அப்படியே தருகிறேன்.

"அவர் இடிக்கவே இல்லைன்னு சாதிச்சாருங்க. அதிகாரி போட்டோவைப் பார்த்துட்டு, 'இவ்வளவு கச்சிதமா நிறுத்தியிருக்கார், இவரு போய் இடிப்பாராம்மா?'ன்னு கேட்டுட்டு, அவர்கிட்ட, 'நல்ல டிரைவருங்க நீங்க'ன்னுட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. வேன்காரருக்குப் பாராட்டுல உச்சி குளிர்ந்துபோச்சு. 'அய்யோ, எனக்கு ரிவர்ஸே வராதுங்க ஐயா. இடிச்சதுக்கப்புறம் இவங்கதான் நின்னு சொல்லிக்குடுத்தாங்க. அன்னையிலேர்ந்து எங்கேயும் இடிக்கலைங்க'ன்னார்!"

நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். எழுதி வைத்திருந்த மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். ஜெயித்துவிட்டோம்! இத்தோடு முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

6

"இருங்க, இன்னும் முடியல" என்றாள்.

தவணையில் கட்டச் சொன்னாராம் அதிகாரி. மெத்தைக்காரர் கையிலிருந்த பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இது ஏதாவது ஒரு செலவுக்குத்தாங்க வரும். இவங்களுக்குக் கட்டினா இன்சூரன்ஸ் எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் இல்லாம இனிமே வேனைத் தொட மாட்டேன். வேன் ஓடாம மிச்சத்தை நான் எப்படிக் கட்டுவேன்?" என்று கேட்டிருக்கிறார். முடிவை அதிகாரி இவளிடமே விட்டுவிட்டார்.

அந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தால் மெக்கானிக் இன்றே சாவியைத் தந்துவிடுவார். ஆனால் மிச்சம் வராது. அதையும் நாங்கள்தான் மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். விட்டுக்கொடுத்தால் வேன் ஓடும், மாதாமாதம் தவணை வரலாம். வராமலும் போகலாம். அதுவரைக்கும் மாணவர்கள் இருப்பார்களா?

"அவர் கண்ணைப் பார்த்தா பொய் சொல்றவராத் தெரியலைங்க. ஆனா கொஞ்சம் முன்னாடி பொய்தானே சொன்னார்? உள்ள கூப்பிடறாங்க. சீக்கிரம் சொல்லுங்க. கதையை முடிக்கிறவர்தானே நீங்க?"

காகிதத்தில் என்றால் நொடியில் முடித்திருப்பேன். இங்கே நிற்பது அவளுடைய கார். பயமாக இருக்கிறது, கதை இன்னும் முடியவில்லை என்று பிடிவாதமான ஒரு சந்தோஷமும் இருக்கிறது.

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்கிறாள். உங்களைத்தான் கேட்கிறாள்.