ஊசி இல்லாத கை

எடை மேடையில் ஏறி நின்ற வெல்டரைப் பார்த்து சிஸ்டர் உதட்டைப் பிதுக்கினாள். எண்ணைப் படிக்கவே தேவையில்லை. கண்ணுக்குக் கீழே தொங்கிய வீக்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

“தண்ணி குடிச்சீங்களா?”

“வாய் கொப்பளிச்சேன்.”

“கொப்பளிச்சத எங்க துப்புனீங்க?”

அவர் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இடது கையை நீட்டிப் படுத்தார். முழங்கைக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை ஒட்டுப்போட்ட இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. தொட்டால் உள்ளே உறுமும். முதன்முறை தொட்டுப் பார்த்தபோது, பட்டறையில் சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிற நினைவுதான் வந்தது அவருக்கு. அந்தக் கை முழுவதும் பழைய தீப்பொறித் தழும்புகள். அவற்றுக்கிடையே ஊசித் தழும்புகள். எது பட்டறையில் வாங்கியது, எது இங்கே வாங்கியது என்று இப்போது அவருக்கே தெரியாது. சிஸ்டர் இரண்டு ஊசிகளையும் ஏற்றி, குழாய்களை ஒட்டி, இயந்திரத்தைத் திருப்பினாள். ரத்தம் குழாயில் ஏறி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நகரத் தொடங்கியது. வலது கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். மதியம்வரை இனி அந்த ஒரு கைதான் அவருடையது.

அந்த டயாலிசிஸ் அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரம் வாத்தியார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்க்கட்டிலில் கோழிக்கடைக்காரர். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வருவார், வந்ததும் போனில் மச்சானைத் திட்டுவார், ரத்தம் ஓட ஆரம்பித்ததும் அடங்கிவிடுவார். சுவரோரக் கட்டில் தையல்காரருடையது. அதில் இன்றைக்கு வேறு ஆள் படுத்திருந்தான். இளைஞன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாளில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு கூரையில் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும்.

மற்றவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு கால்பந்து கிளப். தையல்காரரையும் சேர்த்து நால்வருமே சிறுவயதிலிருந்து அதே கிளப்பைப் பின்தொடர்ந்தவர்கள் என்பது இங்கே வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது. மைதானத்தில் எத்தனையோ முறை பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று கத்தியிருப்பார்கள். இப்போது கத்த முடியாது. ஒருமுறை கோல்கீப்பரை விற்றது சரியா தவறா என்று சண்டை முற்றி, ஆளாளுக்கு அழுத்தம் ஏறி, நான்கு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் அலறின. டாக்டர் ஓடிவந்தார். அன்றைக்கு சிஸ்டர் ஒரு சட்டம் போட்டாள். கொஞ்ச நேரம் பேசலாம், அப்புறம் கை தூக்கி ஓட்டு, அத்தோடு பேச்சு முடிந்தது. ஆளுக்கு ஒரு கைதான் சும்மா இருப்பதால் கள்ள ஓட்டுக்கு வழியில்லை என்றார் வாத்தியார். அவர் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தார். வர முடியாமல் போனவருடைய ஓட்டு, அவர் கடைசியாகச் சொன்னபடியே கணக்கில் இருக்கும்.

இந்தப் பருவத்தில் கிளப் பட்டியலின் அடியில் கிடந்தது. இறங்கினால் கீழ் டிவிஷன். கீழ் டிவிஷனுக்குப் போன கிளப்புகள் எப்படி ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். மைதானத்தில் புல் முளைக்கும், கேட்டில் பூட்டுத் தொங்கும். காப்பாற்ற ஒரு வழி பேசப்பட்டது. இன்னொரு கிளப்பில் முப்பது தாண்டிய ஸ்ட்ரைக்கர் ஒருவன் இருக்கிறான். நெட்டையன். முழங்காலில் கத்தி பட்டவன்தான், ஆனால் கோல் போடத் தெரிந்தவன். அவனைத் தர வேண்டுமென்றால் பதிலுக்கு சுண்டெலி வேண்டும் என்கிறார்கள். சுண்டெலி இவர்கள் வைத்த பெயர். பால் பல் விழுகிற வயதில் கிளப்பின் மைதானத்துக்கு வந்தவன். இரண்டு பேர் நடுவே பந்தோடு நுழைந்து வெளியே வந்துவிடுவான், எப்படி வந்தான் என்று தெரியாது. கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ள விடுகிற டிரான்ஸ்ஃபர் விண்டோ இன்றோடு மூடுகிறது.

“குஞ்ச வித்துட்டுக் கெழட்டுச் சேவல வாங்குறவன் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார் கோழிக்கடைக்காரர். “நான் இந்தத் தொழில்ல இருக்கறவன். சொல்றேன்.”

“கீழ எறங்கிட்டா குஞ்சு உன் கூண்டுலயா உட்கார்ந்திருக்கும்?” என்றார் வாத்தியார். “பறந்து போயிடும்யா. இப்ப குடுத்தா பதிலுக்கு ஒரு ஆளாவது கெடைக்கும்.”

“ஆளா அது. பாதி முழங்கால்.”

“நமக்கெல்லாம் முழுசா இருக்கா?”

வெல்டர் சிரித்தார். அவர் எப்போதும் வாத்தியார் பக்கம்தான். ஆனால் வாத்தியாருக்குக் கணக்குதான் வரும், பேச்சு வராது. வெல்டர் தலையணையில் சற்று நிமிர்ந்தார்.

“நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம மைதானத்துல, நம்ம சோத்தத் தின்னு வளந்தவன்தான அவன்? எதுக்கு வளத்தோம்? கண்ணாடிப் பெட்டில வச்சு அழகு பாக்கவா? வீடு பத்தி எரியும்போது பெத்த புள்ளதான் ஓடி வரணும், பக்கத்து வீட்டுக்காரனா வருவான்? அவன் எளரத்தம்யா. எங்க போனாலும் பொழச்சுக்குவான். கொஞ்சம் அடிபடுவான், கொஞ்சம் ஓட்டம் கொறையும், அவ்வளவுதான். கிளப்புக்கு அப்படியா? இந்தத் தடவ விழுந்தா எந்திரிக்காது.”

கோழிக்கடைக்காரரின் கண்கள் வெல்டரைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயிருந்தன. வெல்டர் திரும்பிப் பார்த்தார்.

கதவருகே ஒருத்தி நின்றிருந்தாள். முகக்கவசம், தலையில் வலைத்தொப்பி, செருப்புக்குமேல் பிளாஸ்டிக் உறை. கண்கள் மட்டும் தெரிந்தன. மகள்.

எப்போதும் மனைவிதான் வருவாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், கடைசி அரை மணி நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். இன்றைக்கு இத்தனை சீக்கிரம் யாரும் உள்ளே வருவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

மகள் ஸ்டூலை இழுத்துப்போட்டு வலது பக்கம் உட்கார்ந்தாள்.

“அம்மா வரல?”

“காலு வலியாம்.”

காலையில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

“கடைக்கு?”

“லீவு.”

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு மாதமாக அவள் லீவு எல்லாம் இந்த ஆஸ்பத்திரியில்தான் கழிந்தது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மனைவிக்குச் சர்க்கரை, அவளுடைய சிறுநீரகம் ஆகாது. மகளுடையது ஆகும். நாளை டாக்டர்கள் குழு முன்னால் இருவரும் போக வேண்டும். அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தருகிறாயா என்று கேட்பார்கள். இவரைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கலாம் என்றே நாளைக் கடத்தினார். வேண்டாம் என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பார். அந்த ஒரு சொல் தொண்டைவரை வரும். தண்ணீர் போலத்தான் அதுவும், விழுங்கக் கூடாது என்று தெரிந்தும் உள்ளே போய்விடும்.

“நான் பேசினது கிளப்பைப் பத்தி” என்றார்.

“தெரியும்பா.”

“சுண்டெலியைப் பத்தி.”

“தெரியும்பா. நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே.”

அவள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. இங்கே படுத்திருப்பவர்களின் கைதான் அப்படி இருக்கும்.

“நாளைக்கு என்கிட்ட கேட்டா என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்” என்றாள். “நீங்க என்ன சொல்லப் போறீங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன். வீட்ல கேட்டா நீங்க குளிக்கப் போயிடறீங்க. இங்கன்னா எந்திரிச்சுப் போக முடியாதுல்ல.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அவளுடைய இன்னொரு கை விலாவுக்குக் கீழே இடுப்பில் கிடந்தது. பையில் வைத்த பணம் இருக்கிறதா என்று பஸ்ஸில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களைப்போல. அவர் பார்ப்பது தெரிந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பயமா இருக்கா பாப்பா?”

“இல்ல.” கொஞ்சம் கழித்து, “அதைக் கேக்காதீங்க” என்றாள்.

அவர் சுவரோரக் கட்டிலைப் பார்த்தார். தையல்காரருக்கு மகனுடையது ஒத்துப்போயிற்று. எல்லாம் தயார். குழுவின் முன்னால் போய், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சுண்டெலி பேச்சு வரும்போதெல்லாம் அவர் விவாதத்திலேயே கலந்துகொள்ள மாட்டார். “நம்ம பையன்” என்று மட்டும் சொல்வார். கையைத் தூக்க மாட்டார். வெல்டர் அவரைக் கிண்டல் செய்திருக்கிறார். துணி அளந்து அளந்து மனசும் கஜக்கோல் அளவுக்குச் சுருங்கிப்போச்சு என்று. தையல்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. மழை நாள் ஒன்றில், இங்கே வருகிற வழியில், ஆட்டோவிலேயே முடிந்துபோனார். மகன் வந்து கட்டிலுக்கடியில் இருந்த போர்வையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டான். போகும்போது கதவருகே நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“எங்கப்பா என்னை வேண்டாம்னுட்டாரு.”

போர்வையை மாரோடு அணைத்திருந்தான். நல்ல உடம்பு. எதுவும் எடுக்கப்படாத, முழு உடம்பு. அவன் நடந்துபோன விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

சிஸ்டர் வந்து இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, “பேசினது போதும், ஓட்டைப் போட்டு முடிங்க” என்றாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “சுண்டெலியக் குடுத்து நெட்டையன வாங்கலாம்ங்கறவங்க.” தானே முதலில் கையைத் தூக்கினார். சுருங்கிய, கறுத்த கை. கோழிக்கடைக்காரர் தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. அப்புறம் தையல்காரர், வேண்டாம்.” வாத்தியார் சுவர்ப் பக்கம் பார்த்தார். தூக்கிய கை சற்றுத் தாழ்ந்தது. “இல்ல. கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு. அவர் கணக்கு முடிஞ்சுது. தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

இளைஞன் கூரையிலிருந்து கண்ணை எடுத்தான். “எனக்கு ஃபுட்பால் பார்த்துப் பழக்கம் இல்லீங்க.”

“பழகிடும்” என்றார் கோழிக்கடைக்காரர். குரலில் கிண்டல் இல்லை.

“அப்ப வெல்டரே, உங்க கைதான். உங்க ஓட்டு எங்கன்னு தெரிஞ்சதுதான், இருந்தாலும் மொறைக்குத் தூக்குங்க.”

இடது கையில் ஊசிகள். அதை அசைக்கக் கூடாது. வலது கை மகளின் கைக்குள் இருந்தது. அவர் அதை இழுக்கவில்லை. இயந்திரத்தின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய ரத்தம் வெளியே போய், கழுவப்பட்டு, குளிர்ந்து, திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்து சேருகிற இடத்தில் அந்தக் குளிர் தெரியும். உயிரோடு இருப்பது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்க வேண்டும். பட்டறையில் முகமூடியை இறக்கிக்கொண்டு, இரும்பு உருகி ஒட்டுகிற அந்த ஒரு நொடியைப் பார்க்க வேண்டும். நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

“என்ன வெல்டரே, பேச்செல்லாம் அவ்வளவுதானா?” என்றார் வாத்தியார்.

கோழிக்கடைக்காரர், “விடுங்க வாத்தியாரே” என்றார். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

முகக்கவசத்துக்கு மேலே மகளின் கண்கள் அவர் முகத்தில் இருந்தன. அவளும் அந்தக் கிளப்பைத்தான் பார்க்கிறவள். சுண்டெலி முதன்முதல் கோல் போட்ட அன்று சோபாமீது ஏறிக் குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டவள்.

“கை தூக்கணுமாப்பா?” என்று கேட்டாள்.

பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவருடைய கையைப் படுக்கையின்மேல் வைத்துவிட்டு, தன் கையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

கை மெத்தைமேல் மல்லாந்து கிடந்தது. அப்போது இயந்திரம் தன் வேளை வந்ததென்று பட்டைக்குள் காற்றை ஏற்றத் தொடங்கியது. பட்டை புயத்தை மெல்ல நெரித்தது. உள்ளங்கை சிவந்து, விரல் நுனிகள் ஒவ்வொன்றிலும் துடிப்பு வந்து நின்றது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரக் கட்டிலில் இருந்த இளைஞனும் தலையைத் திருப்பி, என்ன நடக்கிறதென்று தெரியாமலே, அந்தக் கையைப் பார்த்தான்.