கொழுந்தை நிறுத்துப் பங்கு வாங்கியவர்

1

மலையகப் பெருமக்களே, உலக முதலீட்டாளர்களே, மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! வாஷிங்டனுக்கும் இலங்கைத் தேயிலை ஊரான கந்தப்பளைக்கும் உள்ள இரகசியப் பொருளாதார உறவு இக்கதையில் முதன்முறையாக அம்பலமாகிறது.

(அம்பலமாக ஒன்றுமில்லை. கதை கிடைத்தது சப்ராஸின் போன் கடையில். உடைந்த திரையை அவர் மாற்றும்வரை, பக்கத்தில் இருந்தவர் சொன்னது.)

2

'பனி மூடிய மலைச்சரிவில் யோகேஸ்வரன் தனியே' — வெட்டிவிட்டேன். அன்று நல்ல வெயில்.

யோகேஸ்வரன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. மனைவி பிரியந்தி இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தபோது கிடைத்த சேர்விஸ் காசு, வீடு கட்ட வைத்திருந்தது. அதைத் தோட்டக் கம்பெனியின் பங்குகளில் போட்டார். ஆராயாமல் அல்ல. தராசு சொன்னது. மார்ச் மழையில் கொழுந்து குவிந்தது. கொழுந்து ஏறினால் பங்கும் ஏறத்தானே வேண்டும்?

(ஒரு கணக்கப்பிள்ளை இவ்வளவு அப்பாவியா என்று எனக்கே சந்தேகம். ஆனால் கோட் போட்ட நிபுணர்களிடமும் இதைவிட நல்ல தராசு இருந்ததாகத் தெரியவில்லை.)

3

ஏப்ரலில் அமெரிக்கா, இலங்கைப் பொருட்களுக்கு நாற்பத்து நாலு வீதம் வரி என்றது. பெரிய அடி ஆடைத் தொழிற்சாலைகளுக்குத்தான். ஆனால் பயந்தவர்கள் தைத்ததா பறித்ததா என்று பார்த்து விற்கவில்லை.

சப்ராஸின் கடையில் போனில் பங்கு விலையைப் பார்த்தார் யோகேஸ்வரன். "காலையிலதான் அறுநூறு கிலோ நிறுத்துட்டு வர்றேன் தம்பி! எப்புடி விழும்?"

"அண்ணே, சந்தை கொழுந்தப் பாக்குறதில்ல. நாளைக்கு என்ன நடக்கும்னு ஆளுங்க நெனைக்கிறாங்களோ, அதத்தான் பாக்குது" என்றார் சப்ராஸ்.

"அப்ப நெனப்புக்கா காசு குடுத்தேன்?"

விற்றார். கூரைக்கான காசு போயிற்று. இரண்டே நாளில் வரியைத் தள்ளிவைத்தார்கள்; சந்தை துள்ளியது. கொழுந்தும் நன்றாகத்தான் வந்தது. கூடிய விலைக்கு மறுபடி வாங்கினார். பிறகு கம்பெனி இலாபம் அறிவித்தது. நல்ல இலாபம். பங்கு விழுந்தது. முதலீட்டாளர்கள் அதைவிட அதிகம் எதிர்பார்த்திருந்தார்களாம்.* சுவருக்கான காசும் கரைந்தது.

* எதிர்பார்ப்பு: ஒன்றும் செய்யாதவர், வேலை செய்தவர்மேல் வைக்கும் குறை.

4

வீட்டில் பிரியந்தி சிரித்த முகமாய் நின்றாள்.

"என்னங்க, பக்கத்து வீட்டு ராக்காயி இன்னிக்கு நாப்பது கிலோ பறிச்சாளாம்! பங்கு ஏறிருக்குமே?"

"ம்."

"என்ன ம்? காலையில பேர் குடுக்க பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. வீடு கட்டுற மேசன் பாஸ் திங்கக்கெழம வர்றாராம். கூரைக்கு ஓடா தகரமான்னு கேட்டாரு. ஓடுதான்னு சொல்லிப்புட்டேன்."

அவர் வாயைத் திறந்து —

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறார். ஒன்றில் தண்ணீர் கேட்கிறார். ஒன்றில் பங்கு ஏறுகிறது. அதை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கும் காசில்லை, தகரத்துக்கும் காசில்லை.