தேசிக்காய்க்கு நுரைத்த கற்கள்

மூன்றாவது தடவையும் பாதை நேராகத்தான் வந்தது.

ரஜிதன் தூரிகையை வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினான். மேசையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, இன்னும் தண்ணீர் காணாமல் வெறும் மணலோடு இருந்தது. இடப்பக்கம் பெரிய கருங்கல்லைச் சற்றுச் சாய்த்து நிறுத்தியிருந்தான். அதன்மேல், இரணைமடுக் குளக்கரையில் பொறுக்கிய மருதவேர். அது மிதக்காமல் அமிழ்வதற்கென்றே ஒன்றரை மாதம் பீப்பாய்த் தண்ணீரில் ஊறவைத்திருந்தான். கல்லும் வேரும் ஒத்துப்போய்விட்டன. இரண்டுக்கும் நடுவே போகிற மணற்பாதைதான் மக்கர் பண்ணியது. முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கிப் போனால்தான் ஒன்றரை அடி அகலத் தொட்டிக்குள் ஒரு காட்டின் தூரம் தெரியும். இவன் கை வைத்தாலோ இரண்டு கரையும் நூல் பிடித்தமாதிரி, ஒரே அகலத்தில் வந்து நின்றன.

கையைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினொரு வருடம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்த கை அது. ஒரு மீற்றர் அகலத்தில் நிலத்தைச் சுரண்டிச் சுரண்டி, இரண்டு பக்கமும் கல்லும் தடியும் அடையாளம் வைத்து முன்னேறிய கை. தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் வருமாம். முழங்காலில் நின்று பழகியது ஒரு வருடத்தில் விட்டுப்போகுமா?

போன வருடம், வெடி எடுக்கப் பிரித்துக் கொடுத்த காணிகள் முடிந்ததும் ஆட்களை நிறுத்தினார்கள். இப்போது புதுக் காணி வந்திருக்கிறது. மேற்பார்வையாளர் செல்வராசா நேற்றுப் போனில் கோல் எடுத்து, பழைய ஆட்களுக்குத்தான் முதலிடம், இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் ஓமோ இல்லையோ சொல் என்றுவிட்டார். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற அவன் மனைவி ஜெயரூபிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பதினொரு வருடம் செய்த வேலைதானே, இன்னும் ஒரு வருடம் செய்தால் என்ன, மீன்தொட்டி விளையாட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளலாமே என்று காலையில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. அவனுக்குப் பயம். முதல் பத்து வருடமும் எட்டிப் பார்க்காத பயம், கடைசி வருடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. தானே சுரண்டிப் பார்த்த இடத்திலும் காலை எடுத்து வைக்க வராது. வீட்டில் முழங்கால் நோவு என்று சொல்லிவைத்திருந்தான். அவளும் அதை நம்பி இரவில் எண்ணெய் சுடவைத்துப் பூசிவிட்டாள், பாவம்.

ஆகவே எல்லாம் இந்தத் தொட்டியில் வந்து நின்றது. கிளிநொச்சி டவுனில் கிளினிக் திறக்கப்போகும் பல் டொக்டர், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு தண்ணீருக்குள் செடி வளர்க்கும் தொட்டியொன்று கேட்டிருந்தார். இன்று நாலு மணிக்கு வந்து அடுக்கைப் பார்ப்பார். பிடித்தால் இதை அப்படியே கிளினிக்கில் அடுக்கி, செடி நட்டுத் தண்ணீர் விடலாம். மாதாமாதம் பராமரிக்கிற வேலையும் இவனுக்குத்தான். இரண்டு சிநேகிதர்களுக்கும் சொல்லுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு பிழைப்பு அமைந்தால் செல்வராசாவுக்கு இல்லை என்று சொல்ல நியாயம் கிடைக்கும். பயம் என்ற சொல்லை வாயிலெடுக்காமலே தப்பிவிடலாம்.

பாதைக் கரைக்குச் சின்னக் கற்கள் போதவில்லை. பூநகரிப் பக்கமிருந்து வந்த சாக்கை அவிழ்த்தான். அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கும். அது தண்ணீரில் கரைந்து செடிகளை வாட்டிவிடும். தேசிக்காயை வெட்டி ஒவ்வொரு கல்லிலும் ஒரு துளிப் புளிச்சாறு பிழிந்தான். நுரைத்தால் சுண்ணாம்பு. முக்கால் சாக்கு நுரைத்தது. நல்ல கல்லோடு கலந்துவிடாமல் இருக்க, கொட்டிலில் கிடந்த பழைய பெயின்ற் ரின்னைத் திறந்து, நுரைத்ததுக்கெல்லாம் சிவப்புப் பூசி, காய்வதற்காக வெளியே கொண்டுபோய் வைத்தான்.

வைத்த விதம்தான் வினை. வேலிப் படலையிலிருந்து வாசற்படிவரை, முழத்துக்கு ஒரு கல்லாக, பாதையின் இரு பக்கமும் வரிசை பிடித்து வைத்திருந்தான். அவன் அதைக் கவனிக்கவேயில்லை. கையே அடுக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டது.

வன்னியில் சிவப்புக் கல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அதைத் தாண்டிக் கால் வைக்காதே என்று. பக்கத்து வளவுக் கனகலிங்கம் மாடு கட்டப்போன இடத்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மிதிவெடிக்காரன் வளவில் சிவப்புக் கல். போன கிழமை மழைக்கு நிலமும் அரித்துக் கிடக்கிறது. கேட்கவும் வேண்டுமா? ரஜிதனை ஒரு சொல் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். சத்தம் போட்டால் அவன் கை தவறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மாட்டையும் இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒழுங்கை முனைக்குப் போய்ச் சேரும்போது ஒரு வெடி ஐந்து வெடியாகிவிட்டது.

நாலு மணிக்கு முனையில் ஒரு கார் வந்து நின்று, அப்படியே திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. டொக்டர் போனில் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். அவசரமில்லை, முதலில் வளவைப் பத்திரமாகத் துப்புரவாக்குங்கள், தொட்டியைப் பிறகு யோசிப்போம் என்றார். எந்த வளவு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். ரஜிதன் வெளியே வந்து பார்த்தான். தான் அடுக்கிய வரிசையை அப்போதுதான் கண்டான்.

சிரிக்கலாம் என்று பார்த்தான், வரவில்லை. காரைத் துரத்திக்கொண்டு ஓடவும் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வாசற்படியில் இருந்துவிட்டான். பழைய வேலைக்குப் போகத்தான் எழுதியிருக்கிறது போலும் என்று செல்வராசாவின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது படலையில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

ஜெயரூபி நின்றாள். யாரோ தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஒரு காலில் செருப்பில்லை.

"ஒண்டுமில்லை ரூபி," என்றான். "அது சுண்ணாம்புக் கல்லு. தொட்டிக்கு ஆகாது எண்டு பெயின்ற் அடிச்சு வைச்சனான். வாரும்."

அவள் அதை நம்பினாள், முகத்தில் தெரிந்தது. படலையைத் திறந்து காலைத் தூக்கினாள். தூக்கிய காலைத் திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தாள். தினமும் பத்துத் தரம் நடக்கிற பதினைந்து அடி அது. இன்னொரு தரம் தூக்கினாள். அதையும் அங்கேயே வைத்தாள்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது," என்றாள். "கால் வருகுதில்லை."

அவன் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தான். அடியடியாகக் கூட்டிக்கொண்டு வந்து படியில் இருத்தினான். அவள் நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.

"உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்ததோ?"

முழங்கால் என்று சொல்ல வாயெடுத்தான். இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

"கடைசி வருஷம்," என்றான். "ஒவ்வொரு நாளும்."

அவள் அழவில்லை, ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கும் வரவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்வராசாவே எடுத்தார். அவன் கையிலிருந்த போனை அவள் வாங்கினாள்.

"அண்ணை, நான் ஜெயரூபி. இவர் வரமாட்டார். முழங்கால் இல்லை அண்ணை. இவருக்குப் பயம்."

அவள் வாயால் கேட்டால் வெட்கமாக இருக்குமென்றுதான் ரஜிதன் நினைத்திருந்தான். சுமையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. செல்வராசா, அதிலென்ன பிள்ளை, பட்டியலில் அடுத்த ஆளைக் கேட்கிறேன் என்றார்.

அடுத்த ஆள் தர்ஷன் என்று ரஜிதனுக்குத் தெரியும். பதினொரு வருடமும் பக்கத்துப் பாதையில் முழங்காலில் நின்றவன். போன மாதம்தான் அவனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தர்ஷனும் இரவில் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவதாகத்தான் சொல்லியிருந்தான்.