காணாமல் போன துணிப்பூக்கள்

பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிற எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்பது அவளுடைய பதினாறு வருட அனுபவம். நகரத்தின் பெரிய கடையொன்றில், விற்ற சாமானைத் திருப்பி எடுக்கும் கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. விருந்துக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டை மறுநாள் நீட்டி, "ஒரு தடவைகூட மாட்டலைங்க" என்பார்கள். அவள் பேசாமல் அக்குள் பக்கத்தை மோந்து பார்ப்பாள். வந்தவர் முகம் சுண்டிப்போகும். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகள் போய் எட்டு மாதம். பதினொரு நாள் காய்ச்சல், பன்னிரண்டாம் நாள் கட்டில் காலி. வயது பத்தொன்பதுதான். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊழியர் தள்ளுபடியில் ஒரு துணிப்பூங்கொத்து வாங்கிப்போய் மகளின் கல்லறைத் தலைமாட்டில் செருகிவிட்டு வருவாள். நிஜப்பூ வாடிவிடும். பிள்ளையின் தலைமாட்டில் இன்னொன்றும் சாவதை அவளால் பார்க்க முடியாது. ரோஜா, லில்லி, பனித்துளி ஒட்டிய ஏதோ ஒரு நீலப்பூ என்று கடைக்குப் புதிதாக எது வந்தாலும் அவள் கைதான் முதலில் போகும். பூ பொறுக்குகிற அந்த ஐந்து நிமிடம்தான் வாரத்தில் அவள் நிம்மதியாக மூச்சு விட்ட நேரம்.

அடுத்த சனிக்கிழமை போனால் பூ இருக்காது.

முதலில் காற்றைச் சந்தேகப்பட்டாள். அடுத்து, பக்கத்துக் கல்லறைக்கு வருகிற கண்ணாடிக்காரியை. அப்புறம் சபை வாலிபர்களை. மகள் உயிரோடு இருந்தபோது அந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, கல்லறைச் சரிவுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் இறங்கிக் குப்பை பொறுக்குவாள். ஆலயத்தில் பிளாஸ்டிக் டம்ளரை ஒழித்ததும் அவள்தான். 'கர்த்தர் கொடுத்த பூமியைக் கழுவி வைக்காமல் கர்த்தருக்கு என்ன பாட்டு' என்று போதகரிடமே மல்லுக்கு நிற்பாள். அந்தப் பிள்ளைகள் இப்போது இவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குற்றம் செய்தவன்தானே குனிவான் என்று அவளுக்குத் தோன்றியது. துக்கத்திலும் தலை குனியும் என்பது அந்தக் கவுன்ட்டரில் யாரும் கற்றுக்கொடுக்காத பாடம்.

கடைசியில் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரரிடம் வந்து நின்றாள். ஆலயத்துக்குப் பின்னால் சபை கொடுத்த ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருப்பவர். புல் வெட்டுவது, குழி வெட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான்.

"அண்ணே, என் பொண்ணு தலைமாட்டுல வெச்ச பூ எங்க?"

"நான் எடுக்கலம்மா."

"அப்ப யாரு எடுத்தாங்க?"

அவர் மண்வெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அதை என்கிட்ட கேக்காதீங்கம்மா."

தெரியாது என்று அந்த ஆள் சொல்லவில்லை. எக்ஸ்ரேக்கு அது போதும்.

கடையில் சந்தேகக் கேஸுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பொருளில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவார்கள். அதே பொருள் வேறு ரசீதோடு திரும்பி வந்தால் ஆள் மாட்டினான். அடையாளம் கிடைத்தவுடன் கேஸ் முடிந்தது. மேற்கொண்டு ஆராய்ச்சி செய்தால் வரிசை நீண்டுவிடும் என்பார் மேலாளர். அந்த வாரம் வைத்த மஞ்சள் பூங்கொத்தின் இலைக்கு அடியில் அவள் ஒரு பச்சைப் புள்ளி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மஞ்சள் பூ போயிருந்தது. காவல்காரர் மேட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவருடைய சாமான் கொட்டகைக்குள் நுழைந்தாள். சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கு. வாயைப் பிரித்தாள். மேலாகவே மஞ்சள் பூ. வெளியே இழுக்காமலே இலையைத் திருப்பினாள். பச்சைப் புள்ளி. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

அன்று சாயந்தரமே சபைக் கமிட்டி கூடியது. காவல்காரர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார். "நான் எடுக்கல. யாருன்னு சொல்லவும் மாட்டேன், வாக்குக் குடுத்துட்டேன்" என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. கவுன்ட்டரில் தினமும் கேட்கிற 'டப்பாவைத் திறக்கும்போதே உடைஞ்சிருந்துச்சு' ரகம் என்று அவள் நினைத்தாள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. சாக்கை அவளிடமே கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவர் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். குழாய்த் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எல்லாம் புட்டியில் பிடித்துவந்து சோதிப்பார்.

"திருடன் மாட்டிட்டாங்க. காவல்காரன்தான்."

"ம்" என்றார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். மகள் நினைப்பு வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். ஊரையெல்லாம் ஊடுருவிப் பார்க்கிற கண், எதிர்ச் சோற்றுத்தட்டைப் பார்க்கவில்லை.

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலயத்துக்குப் போகும்போது ஒரு பூங்கொத்தைக் கொண்டுபோகலாம் என்று சாக்கை முதல்முறையாகத் தரையில் கொட்டினாள். முப்பது இருக்கும். எல்லாமே கழுவி, சேறு போகத் துடைத்து வைத்திருந்தது. ஒவ்வொரு காம்பிலும் ஒரு வெள்ளைச் சீட்டு சுற்றி ஒட்டியிருந்தது. மாதிரி எண். எடுத்த தேதி. எடுத்த நேரம்.

அந்தக் கையெழுத்து அவளுக்கு மனப்பாடம். வீட்டுச் சர்க்கரை டப்பாவில்கூடத் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுகிற மனுஷன் இந்த உலகத்தில் ஒருவர்தான். திருட்டுத்தனம் செய்யும்போதாவது தொழில் பழக்கத்தைக் கொஞ்சம் விட்டிருக்கலாம்.

கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பூவைக் கொண்டுபோய் அந்தச் சட்டை மேலேயே வைத்தாள்.

"இது என்னங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மழை பெஞ்சா சாயம் கரைஞ்சு ஓடைக்குப் போகுது. இதழ் பிஞ்சு பிஞ்சு போகுது. நான் எடுக்கிற புட்டியிலேயே மிதந்துச்சு" என்றார்.

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"அது மட்டுமில்ல." அவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். "போன வருஷம் ஓடையில குப்பை எடுக்க நானும் கூடப் போனேன்ல. ஒரு கூடை துணிப்பூ வந்துச்சு. அதைத் தூக்கிக் காட்டிப் பாப்பா சிரிச்சா. 'அப்பா, நான் செத்தா என் தலைமாட்டுல இந்தக் கண்றாவியை மட்டும் வெச்சிராதீங்க'ன்னா. விளையாட்டுக்குத்தான் சொன்னா. அதை உன்கிட்ட எந்த வாயால சொல்றது? நீ வெச்சுட்டு வர்றப்ப உன் முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். எடுக்காம இருந்தா அவ பேச்சைத் தட்டுறேன். எறிஞ்சா உன்னையே எறியற மாதிரி இருக்கு. அதான் காவல்கார அண்ணன்கிட்ட கெஞ்சி அவரு கொட்டகையில வெச்சேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, பொண்டாட்டிக்குச் சொல்லல. அந்த ஆளு வீட்டைக் காலி பண்ணச் சொன்ன பிறகும் சொல்லலையே? நீங்கல்லாம் ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம்?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு எட்டு நாள் போயிடுச்சு."

அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. மகள் தன் சாவைப் பற்றிச் சிரித்துப் பேசியிருக்கிறாள், அப்பாவிடம் பேசியிருக்கிறாள், தனக்குத் தெரியவில்லை. அது அவளை அறுத்தது. அதோடு, அடையாளம் கிடைத்ததும் கேஸை மூடி ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தவள் தான்தான் என்பதும். வெட்கமாக இருந்தது. அழக்கூட அருகதை இல்லை என்று தோன்றியது.

"கிளம்புங்க, சபையில நீங்களே சொல்லணும்" என்றாள். வழியில் நழுவிவிடுவாரோ என்று ஆலயத்து வாசல் வரைக்கும் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முன்னால் போதகர், "யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தா எழுந்து போய்த் தீர்த்துட்டு வாங்க" என்பார். போனவர்கள் திரும்பி வரும்வரை அப்பத்தின் மேல் போட்ட வெள்ளைத் துணியை எடுக்க மாட்டார்கள். ஒரு தடவை அண்ணன் தம்பி இருவர் மதில் சண்டையைத் தீர்த்து வர ஒன்றரை மணி நேரமானது. சபையே பசியோடு உட்கார்ந்திருந்தது.

கணவன் எழுந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். கமிட்டிச் செயலாளர் எரிச்சலோடு, "என்ன விஷயம்? பூவை எடுத்தது யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே" என்றார்.

அவள் எழுந்து கணவன் பக்கத்தில் நின்றாள். அவரை முன்னால் தள்ளத்தான் எழுந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாங்கதான் எடுத்தோம்" என்றாள். "எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்காததால காவல்கார அண்ணன் மேல பழி விழுந்துச்சு. அவர் எதையும் தொடல."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதத்தில் அவள் 'நாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

காவல்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்த கடைசிப் பெஞ்சுக்கு இருவரும் போனார்கள். "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றாள். காவல்காரர் தலையாட்டினார். அவர் மனைவி ஆட்டவில்லை.

"ஒரு வாரமா பாத்திரத்தையெல்லாம் பெட்டி பெட்டியா கட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அந்த அம்மாள். "வாங்க, வந்து பிரிச்சு அடுக்குங்க."

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

சபை பார்த்துக்கொண்டிருக்க நால்வரும் பின்கதவு வழியாகப் போனார்கள். அறை முழுக்கக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். கணவன் முடிச்சு அவிழ்க்க, அவள் தரையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். நாலாவது தட்டில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதாள். மகளுக்காக, கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முதலாக. அவரும் அழுதார். ஆனாலும் இருவரும் கையை நிறுத்தவில்லை.

ஆலயத்திலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, "போதகர் கேக்குறாங்க, முடிஞ்சதான்னு" என்றான்.

காவல்காரர் மனைவி இடுப்பில் கைவைத்து இன்னும் பிரிக்காத மூன்று பெட்டிகளைப் பார்த்தாள்.

"இருக்கச் சொல்லு" என்றாள். "நான் இன்னும் மன்னிக்கல."